கேலிக்குப் போன அத்தை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால், முதன்முதலில் எதை எங்கே பார்த்தோம் என்ற பேச்சு வந்துவிடுகிறது. முதல் டெலிபோன், முதல் டிவி, முதல் கேஸ் அடுப்பு. தாசில்தார் வீட்டில், பேங்க் மேனேஜர் வீட்டில், கல்யாணமாகிப் போன வீட்டில் என்று ஆளுக்கொன்று சொல்கிறீர்கள். நான் கேஸ் அடுப்பை முதலில் பார்த்தது ஒரு பாய்மரப் படகுக்குள். படகு நின்றது ஒரகடத்தில்.

இதைச் சொன்னால் சிரிக்கிறீர்கள். ஒரகடத்தில் ஏரி உண்டு, கடல் ஏது என்கிறீர்கள். கடல் இல்லைதான். படகு இருந்தது. ஒரு மழைக்காலம் முழுவதும் இருந்தது. அதன் ஐஸ் பெட்டிக்குள் உட்கார்ந்து சுரண்டியவள் நான். நம்பாதவர்கள் இந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டு வேறு ஏதாவது படிக்கலாம். யாரையும் நம்பவைக்கிற வேலையை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது எங்கள் பக்கம் கம்பெனிகள் வரவில்லை. நெல்லும் ஏரியும் முள்ளுக்காடும்தான். ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே, பஸ்ஸுக்கு பாடி கட்டுகிற பட்டறை ஒன்று இருந்தது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு டிரைவர் ஓட்டி வருகிற வெறும் சேஸிஸ், சில மாதத்தில் கூரையும் சீட்டும் ஜன்னலும் வைத்த பஸ்ஸாக வெளியே போகும். அப்பா அங்கே வெல்டர். அப்பாவின் தங்கை, என் அத்தை, பட்டறை ஆட்களுக்கு மத்தியானச் சோறு ஆக்கிப் போட்டாள். நான் பள்ளிக்கூடத்துக்குப் போன நாளைவிட அத்தையோடு சோற்றுக்கூடை தூக்கிப் போன நாள்தான் அதிகம். அதற்காக யாரும் பரிதாபப்பட வேண்டாம். பள்ளிக்கூடத்தில் எனக்குப் படகு காட்டியிருக்க மாட்டார்கள்.

தீபாவளி கழிந்து, மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு நாள், நீளமான டிரெய்லர் லாரியில் அது வந்தது. முதலில் கேட்டது புளியங்கிளை ஒடிகிற சத்தம். பிறகு தெரிந்தது ஒரு பெரிய வெள்ளை வயிறு. பெயிண்ட் உரிந்து தொங்கியது. அடிப்பக்கத்தில் சின்னச் சின்னச் சிப்பிகள் ஒட்டிக் காய்ந்திருந்தன. கிட்டே போனால் தாரும் கருவாடும் கலந்த வாசனை. கடலை நான் பார்த்ததில்லை. அதன் வாசனை அதுதான் என்று அன்றைக்கு முடிவு கட்டினேன். பிறகு எத்தனையோ கடலோரத்தில் கிடந்திருக்கிறேன். அந்த முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

கூட வந்தவரை எல்லோரும் கேப்டன் என்றார்கள். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய படகு ஒன்றை வாங்கி, அவரும் மனைவியும் அதிலேயே குடியிருந்துகொண்டு, கரையோரமாகத் தெற்கே சுற்றி கொச்சி வரைக்கும் போவது என்று இருந்தார். துறைமுகத்துப் பக்கம் படகை நிறுத்த இடம் கிடைக்கவில்லை. கிடைத்த தச்சர்கள் சொன்ன நாளில் வரவில்லை. எங்கள் பட்டறை மேஸ்திரி கட்டிய பஸ்ஸில் அடைமழையில் ஒருமுறை போயிருக்கிறார். ஜன்னல் ஒழுகவில்லை. அந்த ஜன்னலை வைத்த ஆள் யார் என்று விசாரித்துக்கொண்டு வந்துவிட்டார்.

“பஸ்ஸு இன்னா, படகு இன்னா சார். ரெண்டும் ஆளு ஏத்துற சாமான்தான்” என்றார் மேஸ்திரி.

இரண்டு அரைகுறை பஸ்களுக்கு நடுவில், டிரெய்லரோடு அதை நிறுத்திவிட்டு லாரி போயிற்று. படகின் முன்பக்கத்தை டிரைவர் சைடு என்றும் பின்பக்கத்தைப் படிக்கட்டு சைடு என்றும்தான் பட்டறையில் சொன்னார்கள். கேப்டன் திருத்தித் திருத்திக் களைத்துப்போனார். கடைசியில் அவரே, “டிரைவர் சைடுல ஒரு போல்ட் லூஸா இருக்கு பாருங்கப்பா” என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

படகுக்கு உடம்பு வேலை அதிகமில்லை. மாற்றவேண்டியது சமையல் இடம். ஏணியில் இறங்கினால் ஒரு பக்கம் அடுப்பு, எதிர்ப்பக்கம் ஐஸ் பெட்டி. நடுவில் ஒரு ஆள் நிற்கலாம், திரும்பலாம், அவ்வளவுதான். அடுப்பு பழைய மண்ணெண்ணெய்ப் பம்ப் அடுப்பு. துருப்பிடித்து, பம்ப் அடித்தால் இருமியது. ஐஸ் பெட்டி மரத்தாலானது. அதன் சுவருக்குள் குளிர் தங்குவதற்காக அடைத்த கார்க் எல்லாம் மக்கிக் கறுத்து, செத்த எலி மாதிரி நாறியது.

“இதுக்குப் பேர் கேலி” என்றார் கேப்டன்.

மேஸ்திரி சிரித்தார். “இன்னா சார், சமையக்கட்டப் போய் கேலி பண்றீங்க.”

“கேலி பண்ணலப்பா. பேரே கேலி. கப்பல்ல சமைக்கிற இடத்துக்கு அதான் பேரு.”

அவர் அடுப்பை ஒரு விரலால் தள்ளினார். அது ஊஞ்சல் மாதிரி ஆடியது. அப்போதுதான் கவனித்தோம், அடுப்பு தரையில் நிற்கவில்லை. இரண்டு பக்கமும் இரண்டு கொண்டியில் தொங்கிக்கொண்டிருந்தது. “படகு சாஞ்சா வீடே சாஞ்ச மாதிரி. அப்போ அடுப்பு மட்டும் நேரா இருக்கணும். அதுக்காகத்தான் ஆட விட்டிருக்கு. புது அடுப்பும் இதே மாதிரி ஆடணும், வெல்டர்.”

அப்பா குந்தி உட்கார்ந்து, கொண்டியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். தானும் ஒருமுறை தள்ளிப் பார்த்தார். “புரிஞ்சிது சார்” என்றார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

“என் வீட்டம்மாவுக்கு முழங்கால் வலி” என்றார் கேப்டன். “இந்த ஏணியில ஏறி இறங்கி சமைக்க முடியாது. ஆள் தேடணும். உங்கள்ல யாராவது கேலிக்கு வரீங்களா?” அவர் விளையாட்டாகத்தான் கேட்டார்.

மேலே, ஏணி வாயில் சோற்றுக்கூடையோடு நின்றிருந்த அத்தை சொன்னாள்: “நான் வரேன் சார்.”

எல்லோரும் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. “ஊர்ல என் பொழப்பே கேலியாத்தான் கீது. அங்க வந்தா அதையே வேலையாப் பண்ணிக்கினு போறேன்.”

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று சொல்லிவிடுகிறேன். அத்தையைக் காஞ்சிபுரத்துக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புருஷன் இன்னொருத்தியைக் கூட்டிவந்தான். முறைப்படி அவன் எனக்கு மாமா. நான் அப்படிக் கூப்பிட்டதில்லை, இப்போதும் எழுதமாட்டேன். அத்தை டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்றிலிருந்து ஊரில் அவளுக்குப் பெயர் வாழாவெட்டி. கொஞ்ச வருஷம் கழித்து, அந்த இரண்டாமவள் முழுகாமல் இருக்கிறாள், மாட்டையும் வீட்டையும் பார்க்க ஆள் இல்லை, தை பிறந்ததும் வந்து கூட்டிப்போகிறேன் என்று அவன் சொல்லியனுப்பினான். ஊர்ப் பெரியவர்களுக்கு அதில் பெரிய சந்தோஷம். அப்பாவும் சரி என்று சொல்லிவிட்டார்.

“ஒரு வாய் சோறு குறையும்னு நான் சொல்லல” என்றாள் அம்மா. “ஊர் வாய் குறையும். உனக்கும் ஒரு வூடுன்னு இருக்கும்.”

“அவ புள்ளைக்குப் பீத்துணி தொவைக்கிறதுக்குப் பேரு வூடா அண்ணி?”

“புருஷன் கூப்புடறப்ப போவாங்காட்டி நாளைக்கு யார் பார்ப்பா உன்ன?” என்றார் அப்பா.

அத்தை சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள். தை வருவதற்குள் அவளுக்கு ஒரு வழி வேண்டும். அந்த வழி இரண்டு பஸ்களுக்கு நடுவில் நிற்கிறது என்று அவள் அப்போதே முடிவு பண்ணியிருந்தாள்.

அடுத்த வாரம் கேப்டன் மனைவியைக் கூட்டிவந்தார். அந்த அம்மா இன்னும் பொருத்தாத ஒரு பஸ் சீட்டில் உட்கார்ந்து, அத்தையை மேலும் கீழும் பார்த்தார்.

“நிஜமாவே வரியா? கடல்ல வாந்தி வரும்.”

“எனக்கு இந்த ஊர்லயே மூணு வருசமா வாந்தி வந்துக்கினுதான் கீதும்மா.”

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரி. கேலி தயாராகட்டும். அதுல நின்னு சமைச்சுக் காட்டு. எனக்கு நம்பிக்கை வந்தா கூட்டிட்டுப் போறேன்.”

முதலில் ஐஸ் பெட்டி. மக்கிய கார்க்கைச் சுரண்டி எடுக்க, பெரியவர்கள் யாரும் அதற்குள் நுழைய முடியவில்லை. நான் நுழைந்தேன். கொத்துக்கரண்டியால் சுரண்டி, முறத்தில் வாரிக் கொடுத்தேன். உள்ளே இருட்டு. பலகை இடுக்கில் யாரோ எப்போதோ விட்ட சோடா மூடிகள், ஒரு மீன்முள், தேய்ந்த சின்னக் கரண்டி ஒன்று. கரண்டியை நான் வைத்துக்கொண்டேன். அது பல வருஷம் என்னோடு ஊர் ஊராக வந்து, விஜயவாடா ஸ்டேஷனில் தொலைந்தது. வீடு வாசல் தொலைந்ததற்குக்கூட நான் அவ்வளவு தேடியதில்லை.

புது கார்க் மெட்ராஸிலிருந்து வரவேண்டும். மழையில் வரவில்லை. அத்தை பொறுக்கவில்லை. “சைக்கிள்ல ஐஸ் விக்கிறவன் கார்க்கா வெச்சிக்கினு கீறான்? உமியப் போட்டுச் சாக்கால சுத்தறான். ஸ்ரீபெரும்புதூர்லேர்ந்து இங்க வந்து சேர்றவரைக்கும் கரையல. உமி போடலாம் சார்.”

கேப்டன் யோசித்துவிட்டு, செய்து பார் என்றார். வல்லம் பக்கத்து ரைஸ் மில்லிலிருந்து சாக்கு சாக்காக உமி வந்தது. உள்ளே தகரம் அடித்து, தகரத்துக்கும் மரத்துக்கும் நடுவில் உமியைக் கொட்டி, அத்தை உலக்கையால் இடித்து இடித்து இறுக்கினாள். ஐஸ்காரனிடம் ஒரு முழுப் பாளம் வாங்கி வைத்தோம். மறுநாள் மூடியைத் திறந்தால் ஓரம் மழுங்கி அப்படியே இருந்தது. அதற்கு மறுநாளும் இருந்தது. மேஸ்திரி நன்னாரி சர்பத் போட்டார். பட்டறை முழுக்க, வெல்டிங் புகைக்கு நடுவில், பனிக்கட்டியைக் கடவாயில் ஒதுக்கிக்கொண்டு ஆட்கள் வேலை செய்தார்கள். அப்பா மட்டும் குடிக்கவில்லை. பல் கூசும் என்றார்.

கார்த்திகை கடைசியில் ஒரு காலையில், கூடையோடு ஏணியிறங்கிய அத்தை அப்படியே நின்றுவிட்டாள். நான் அவள் இடுப்புப் பக்கமாக எட்டிப் பார்த்தேன். ஐஸ் பெட்டியின் பலகை இடுக்கெல்லாம் பச்சைப் பசேலென்று இருந்தது. நெல் முளைத்திருந்தது.

அந்த மில் உமியில் அவிக்காத, உரிபடாத நெல்லும் கலந்துதான் வரும். தகரத்தில் ஈயப் பற்று சரியில்லாத இடத்தில் ஐஸ் தண்ணீர் ஒழுகி உமிக்குள் இறங்கியிருக்கிறது. எங்களுக்குத் தெரியாத சங்கதியா இது? நெல்லிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். ஆனாலும் படகுக்குள் போனதும் உமி என்பது வேறு ஏதோ சாமான் மாதிரி ஆகிவிட்டது எங்களுக்கு.

“அக்கா, படகுலயே நாத்து வுட்டுட்டியே” என்று மேலேயிருந்து மேஸ்திரி கேட்டார். “நடவு எப்போ? ஆளு சொல்லட்டுமா?”

அந்த வாரம்தான் பக்கத்து வீட்டில் கல்யாணம் நடந்து முடிந்திருந்தது. எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு முன்னால் பாலிகை போடுவார்கள். சுமங்கலிகள் சேர்ந்து ஊறவைத்த தானியத்தைச் சின்ன மண் பாத்திரங்களில் தெளிப்பார்கள். முளைத்து வந்ததும் கடைசியில் அதைக் குளத்திலோ ஏரியிலோ விட்டுவிடுவார்கள். தெருவில் எல்லா வீட்டுப் பெண்களையும் கூப்பிட்டிருந்தார்கள். அத்தையைக் கூப்பிடவில்லை.

அவள் அந்த முளையை விரலால் தொட்டாள். “எவளும் கூப்புடல. இந்தப் பொட்டி என்னக் கூப்ட்டுப் பாலிகை போட வெச்சிருக்கு பாரு” என்றாள் என்னிடம். கொஞ்சம் முளையை வேரோடு எடுத்து, பால் பவுடர் டப்பாவில் மண் போட்டு நட்டாள்.

கேப்டன் மனைவி வந்து பார்த்தபோது அத்தையே முந்திக்கொண்டாள். “தப்பு என்னுதுதான்மா. வறுக்காமப் போட்டுட்டேன். வறுத்துப் போட்டா முளைக்காது.”

“வறுத்தே போடு” என்றார் அந்த அம்மா. “அரிசி நாங்க கடையில வாங்கிக்கிறோம்.”

பட்டறைக்குப் பின்னால் பெரிய இரும்புச் சட்டியில் அத்தை உமியை வறுத்தாள். கறுப்பாகும்வரை வறுத்தாள். புகையில் அவள் முகமும் கறுத்தது. தகரத்தை மறுபடி பற்றுவைத்து, மேலே தார் பூசினார்கள். உருகும் தண்ணீர் வெளியே போக ஒரு குழாய் வைத்து, பெட்டிக்குள்ளே அதன் வாயில் கட்டை மூடி போட்டார் கேப்டன். மூடியைப் பிடுங்கினால் தண்ணீர் படகின் பக்கவாட்டில் பீச்சிக்கொண்டு விழும். ஊரில் பாதிப் பேர் அதைப் பார்க்க வந்தார்கள். படகு மூத்திரம் போகிறது என்று சின்னப் பிள்ளைகள் கத்தினார்கள்.

பிறகு அடுப்பு. கேப்டன் கொண்டுவந்த பெட்டியைப் பிரித்தபோது உள்ளே வெள்ளி மாதிரி மின்னியது. இரண்டு பர்னர். புகை இல்லை, கரி இல்லை, பம்ப் இல்லை, திருகினால் எரியும் என்றார். சிலிண்டரைப் பார்த்து மேஸ்திரி, “ஸ்டெப்னி மாதிரி சீட்டுக்கு அடியில தள்ளிடலாம் சார்” என்றார். கேப்டனுக்கு முகமே மாறிவிட்டது. அந்த வாயு கனமானது, கசிந்தால் தண்ணீர் மாதிரி கீழே போய்த் தேங்கும், பஸ் என்றால் கதவு வழியாக ஓடிவிடும், படகின் வயிற்றில் தேங்கினால் ஒரு தீக்குச்சி போதும் என்று சொன்னார். சிலிண்டருக்கு மேல்தளத்தில், அடியில் ஓட்டை போட்ட தனிப் பெட்டி செய்தார்கள். அடுப்பைத் தொங்கவிடும் சட்டமும் கொண்டியும் அப்பாவின் வேலை. அதைச் சொல்லிவிட்டு, லாரியும் கிரேனும் ஏற்பாடு பண்ண கேப்டன் மெட்ராஸ் போனார்.

தை பிறந்தது. வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று காஞ்சிபுரத்திலிருந்து ஆள் மூலம் செய்தி வந்தது. படகை ஏற்றிப்போக லாரி வருவதும் அதே வெள்ளிக்கிழமை.

வியாழக்கிழமை காலையில் கேப்டனும் அந்த அம்மாவும் வந்தார்கள். கேப்டன் கீழே இறங்கி அடுப்பைத் தள்ளினார். அது ஆடவில்லை. குனிந்து பார்த்தார். கொண்டி இரண்டும் அழகாக இருந்தன. ஆனால் அடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை வைத்து, சட்டத்தோடு வெல்டு அடித்திருந்தது.

“இது ஆடணும்னு சொன்னேனே, வெல்டர்.”

“ஆடினா ஆபத்து சார்” என்றார் அப்பா. அவர் கேப்டனைப் பார்க்கவில்லை. “கொதிக்கிற உலை. பொம்பள நிக்கிற எடம். கல்லாட்டம் நிக்கணும்னுதான் அடிச்சேன்.”

அந்த அம்மா மேலேயிருந்து எல்லாவற்றையும் கேட்டார். “ஆடாத அடுப்பு முன்னாடி நான் யாரையும் நிறுத்த மாட்டேன்” என்றார். “உலை கொட்டி வெந்து போகும். நாளைக்கு லாரி வந்துடும், இனிமே மாத்த நேரமில்ல. நாம டப்பாச் சோறு சாப்பிட்டுப் போய்க்கலாங்க. ஆள் வேண்டாம்.” பிறகு அத்தையிடம், “மன்னிச்சுக்கம்மா” என்றார்.

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு ஏணியேறினார். அவர் முகத்தில் இருந்ததை அன்றைக்கு நான் வருத்தம் என்று நினைத்தேன். அது நிம்மதி.

அத்தை மேஸ்திரியிடம் போனாள். “அடுப்பு கீற பக்கம் ஜாக்கி போடுங்க.”

“எதுக்கு அக்கா?”

“கடல் இங்க வராது. நாமதான் சாய்க்கணும்.”

மேஸ்திரி கேப்டனைப் பார்த்தார். கேப்டன் ஒதுங்கி வழிவிட்டார். பஞ்சர் பார்க்கத் தூக்குவது போல, டிரெய்லரின் ஒரு பக்கத்தில் இரண்டு லாரி ஜாக்கியை வைத்துத் திருகினார்கள். படகு முனகியது. மெதுவாக, குடித்தவன் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்தது. அதற்குள் அத்தை உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்து உலை ஏற்றியிருந்தாள். நான் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன். நீல நெருப்பை அன்றைக்குத்தான் பார்த்தேன். அது சத்தமில்லாமல் எரிந்தது. அடுப்பு சாய்ந்தே நின்றது. அத்தை அதற்கு நேர் கீழே, தாழ்ந்த பக்கத்தில் நின்றாள்.

உலை கொதித்தது. தண்ணீர் ஒரு பக்கமாக ஏறி விளிம்பைத் தொட்டது. பாத்திரம் ஒரு நூல் நகர்ந்தது.

அப்பா ஏணியில் இறங்கி வந்தார். “தள்ளி நில்லுடி.”

“இன்னாத்துக்கு? நீ வெச்ச அடுப்புதானே.”

“கேஸ நிறுத்து.”

“கல்லாட்டம் நிக்கும்னியே அண்ணா. நிக்குது பாரு. உலைதான் என்னாண்ட வருது.”

“சொல்றன்ல, தள்ளுடி.”

அவள் விலகவில்லை. பாத்திரம் இன்னும் நகர்ந்தது, பிறகு ஒரேயடியாக வழுக்கியது. அப்பா ஒரே எட்டில் வந்து இரண்டு கையாலும் அதைப் பிடித்தார். வெறுங்கை. கொதிதண்ணீர் மணிக்கட்டு வரை வழிந்தது. பாத்திரத்தை அவர் கீழே போடவில்லை. போட்டால் அத்தையின் கால். ஏணிப்பக்கம் திரும்பி, பலகைமேல் வைத்துவிட்டுத்தான் கையை உதறினார். கேப்டன் மேலே ஓடிப்போய் சிலிண்டரைத் திருகி அடைத்தார்.

அத்தை அவர் கையைப் பிடித்து இழுத்து, ஐஸ் பெட்டியைத் திறந்து உள்ளே விட்டாள். பயணத்துக்கென்று அன்றுதான் பாளம் வாங்கி அடுக்கியிருந்தோம். அப்பா பெட்டி ஓரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார், இரண்டு கையும் பனிக்கட்டிக்குள். அத்தை என்னிடம், “இரும்பு அறுக்கற ரம்பத்த எடுத்தா” என்றாள்.

பட்டையை நான் பிடித்துக்கொண்டேன். அவள் அறுத்தாள். அந்த இடத்தில் மூன்று பேர் இருந்தால் ஒருத்தர் மூச்சு இன்னொருத்தர்மேல் படும். இரும்புத்தூள் என் கால்மேல் சூடாக விழுந்தது. சாய்ந்த படகில் அவள் காலை அகட்டி நின்று அறுக்கிற சத்தம் மட்டும்.

“உமிக்கரி நல்லா வேலை செய்யுது” என்றார் அப்பா. “ஐஸு அப்படியே கீது.”

“கொண்டியும் நல்லாத்தான் பண்ணிக்கீற” என்றாள் அத்தை. ரம்பத்தை நிறுத்தவில்லை.

அண்ணனும் தங்கையும் அதைப் பற்றிப் பேசியது அவ்வளவுதான். பல வருஷம் நான் அப்பாவுக்கு அடுப்பு ஏன் ஆடவேண்டும் என்று புரியவில்லை என்றே நினைத்திருந்தேன். ஊரிலும் அப்படித்தான் சொல்லிச் சிரித்தார்கள். புரியாதவன் கொண்டியைச் செய்திருக்க மாட்டான். முதலில் ஆடுகிற மாதிரி செய்து, ஆட்டிப் பார்த்து, அதற்கப்புறம்தான் பட்டை அடித்திருக்கிறார். தங்கையைக் கரையில் நிறுத்த அவருக்குத் தெரிந்த வழி வெல்டிங் ஒன்றுதான். அதற்காக அவரை நான் மன்னிக்கப் போவதில்லை. வெறுக்கவும் போவதில்லை. கையை நீட்டியதும் அவர்தான்.

இரண்டாவது பட்டை அறுந்ததும் அடுப்பு ஒருமுறை குலுங்கி, ஆடி, நேராக நின்றது. படகு சாய்ந்திருந்தது, ஏணி சாய்ந்திருந்தது, நாங்கள் சாய்ந்திருந்தோம், அடுப்பு மட்டும் நேராக இருந்தது. அத்தை மறுபடி உலை வைத்தாள். சோறு வடித்து, கருவாட்டுக் குழம்பு கூட்டினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. அந்த அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏணியிறங்கி வந்து, நின்றபடியே சாப்பிட்டார்.

“காலையில பெட்டியோட வந்துடு” என்றார்.

ஊரில் இன்றும் அவள் ஓடிப்போனாள் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஓடவில்லை. லாரி மெதுவாகத்தான் போயிற்று. கட்டைவண்டி அதை முந்திப் போனது. அப்பா கையில் கட்டோடு டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை, அவரே ஏறிக்கொண்டார். அத்தையும் நானும் கேலியில். லாரி குலுங்கும்போதெல்லாம் அடுப்பு ஆடி ஆடி நின்றது. அத்தை அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பஸ் ரிவர்ஸ் எடுக்க, லாரி நின்றது. வட்டமான சின்ன ஜன்னலில் அத்தை பார்த்தாள். பிறகு என்னையும் இழுத்துக் காட்டினாள். கீழே அவன் நின்றிருந்தான். கையில் மஞ்சப்பை, பைக்குள்ளிருந்து புதுப்புடவையின் ஓரம் தெரிந்தது. பக்கத்தில் யாரோ ஒரு பெரியவர். இருவரும் வாயைப் பிளந்துகொண்டு படகைப் பார்த்தார்கள். அத்தை குனிந்து ஐஸ் பெட்டியின் கட்டை மூடியைப் பிடுங்கினாள்.

வெளியே அவன் துள்ளிக் குதிக்கிற சத்தமும், “எவன்டா அவன், ஆளு நிக்கறது தெரில?” என்ற குரலும் கேட்டது. லாரி கிளம்பிவிட்டது.

அத்தை மூடியைத் திரும்பப் பொருத்திவிட்டுக் கையைத் துடைத்தாள். “தலை முழுகியாச்சி” என்றாள்.

தண்டலத்தில் அப்பாவும் நானும் இறங்கிக்கொண்டோம். அத்தை மேலே வந்து பால் பவுடர் டப்பாவோடு நின்றாள். முளை சாண் உயரத்துக்கு வந்திருந்தது. “பாலிகையத் தண்ணியிலதானே வுடணும். பெரிய தண்ணியிலயே வுட்டுட்றேன்” என்றாள். அப்பா தலையை ஆட்டினார். படகு பூந்தமல்லிப் பக்கம் சாலையில் சின்னதாகிக்கொண்டே போனது.

அவள் திரும்பி வந்தது நான் வளர்ந்து, அரைகுறைப் படிப்பையும் விட்டு, ஊரைவிட்டுக் கிளம்ப இருந்த சமயத்தில். உடம்பு கறுத்து, முடி வெளுத்திருந்தது. சமைக்கிறேன் என்று எங்கள் வீட்டு அடுப்பு முன்னால் நின்றாள். தரை எந்த நேரமும் சாயும் என்பது போலக் காலை அகட்டி நின்றாள். அம்மா சிரித்தாள். எனக்கு அந்த நிற்கிற விதம் பிடித்துப்போனது. அதற்கப்புறம் நான் பார்த்த கேன்டீன், மெஸ், கட்டட வேலை எல்லாவற்றிலும் அப்படித்தான் நின்றேன். பட்டறை இருந்த இடத்தில் இப்போது ஒரு கம்பெனியின் வண்டி நிறுத்துமிடம். போகட்டும். அங்கே எனக்கு அழுவதற்கு ஒன்றும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். நாங்கள் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தபோது அவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா காபி கொடுத்துவிட்டு, என்ன சொல்வதென்று தெரியாமல் கதவோரமாக நின்றிருந்தாள். அவன் வேட்டி முழங்கால்வரை ஈரமாக இருந்தது.

“எங்க மச்சான் உன் தங்கச்சி?” என்று கேட்டான்.

“கேலிக்குப் போயிருக்கா” என்றார் அப்பா.

“இன்னா மச்சான், கேலி பண்றியா?”

“கேலிக்குத்தான் போயிருக்கா. வேலை.”

பெரியவர் எழுந்து கும்பிட்டு ஏதோ சமாதானமாகப் பேச ஆரம்பித்தார். அப்பா பதிலுக்குக் கும்பிடவில்லை. இரண்டு கையிலும் கட்டு இருந்தது. கட்டு இல்லாவிட்டாலும் அன்றைக்கு அவர் கும்பிட்டிருக்க மாட்டார். அவர் இப்போது இல்லை, கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. நான் அப்படித்தான் சொல்வேன்.